மேடைக்கு எது: பழைய வொர்க்ஸ்டேஷனா, சவுண்ட் மாட்யூலா?

ஆடி பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் சுற்றுவட்டாரத்து இன்னிசைக் குழுக்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலிலும் ஊரெங்கும் உள்ள மற்ற மாரியம்மன் கோயில்களிலும் பண்டிகை, மேட்டூரில் பதினெட்டாம் பெருக்கு, கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா என்று மேடைகள் அடுத்தடுத்து வரும். கீபோர்டு வாசிப்பவர்களிடையே சாதனம் மாற்றும் பேச்சு அதற்குச் சற்று முன்னாலேயே தொடங்கிவிடும். கையில் ஒரு தொகை இருக்கும். அந்தத் தொகைக்கு இரண்டு பொருள்கள் கண்ணில் படும். ஒன்று, யாரோ வாசித்து முடித்த கோர்க் டிரைட்டன், ரோலண்ட் எக்ஸ்பி-80, யமஹா மோட்டிஃப் மாதிரியான பழைய வொர்க்ஸ்டேஷன். இன்னொன்று, கீயே இல்லாத ஒரு பெட்டி, அதாவது சவுண்ட் மாட்யூல்.

கை தானாகப் போவது முதலாவதை நோக்கித்தான். மேடையில் கீபோர்டு பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் அதில் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் அந்தச் சாதனத்துக்கு இருபது வயது தாண்டியிருந்தால், பணத்தை எடுப்பதற்கு முன் சற்று நிதானிக்க வேண்டும். இந்தச் சமவெளியின் வெயில், புழுதி, ஜெனரேட்டர் மின்சாரம் மூன்றும் வொர்க்ஸ்டேஷனை ஒரு விதமாகவும் மாட்யூலை வேறு விதமாகவும் தாக்குகின்றன.

வொர்க்ஸ்டேஷன் என்பது ஒரே உடலுக்குள் நான்கு வேலைகளை அடக்கியது. வாசிக்கக் கீகள், டோன்களை எழுப்பும் ஒலிப் பகுதி, ரிவெர்ப் போன்ற எஃபெக்டுகள், வாசித்ததைப் பதிந்து டிராக் டிராக்காக அடுக்கும் சீக்வென்சர். இந்த வடிவத்தை உலகுக்குப் பழக்கியது 1988-ல் வந்த கோர்க் எம்-1. ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய 16 குரல்கள், 4 மெகாபைட் ஒலி நினைவகம், 8 டிராக் சீக்வென்சர், அவ்வளவுதான் அதன் கையிருப்பு. ஆனாலும் ஒரே ஆள் டிரம்ஸ், பேஸ், ஸ்டிரிங்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு பாட்டை முழுதாகக் கட்டிவிடலாம் என்ற நிலையை அது கொண்டுவந்தது.

மாட்யூல் அந்த நான்கில் ஒலிப் பகுதியையும் எஃபெக்டுகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டது. பெயர்பெற்ற கீபோர்டு வந்தால் கூடவே கீ இல்லாத உடன்பிறப்பும் வருவது அன்றைய வழக்கம். ரோலண்ட் டி-50க்கு டி-550, எம்-1க்கு எம்1ஆர், டிரைட்டனுக்கு டிரைட்டன் ரேக், மோட்டிஃபுக்கு மோட்டிஃப் ரேக். சில சமயம் இளையது மூத்ததை மிஞ்சியும் இருக்கிறது. 2001-ல் வந்த முதல் மோட்டிஃப் கீபோர்டில் 62 குரல்கள். பின்னால் வந்த அதன் ரேக்கில் 128. டிரைட்டன் கீபோர்டில் கூடுதல் ஒலி அட்டை செருக இரண்டு இடம், ரேக்கில் எட்டு.

ஆகவே ஒலித் தரத்தை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. இதற்கு மிகத் தெளிவான உதாரணம் ரோலண்டின் ஜேவி-1080, எக்ஸ்பி-80 ஜோடி. முதலாவது 1994-ல் வந்த மாட்யூல், இரண்டாவது 1996-ல் வந்த 76 கீ வொர்க்ஸ்டேஷன். இரண்டிலும் 64 குரல்கள், தனித்தனி டோன் வைக்க 16 பகுதிகள், நான்கு விரிவாக்க அட்டைகளுக்கான இடம். உள்ளே இருக்கும் ஒலி இயந்திரம் ஒரே குடும்பம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது. எக்ஸ்பி-80 வாங்குபவர் ஜேவி-1080-க்கு மேல் காசு கொடுப்பது கீகளுக்கும் சீக்வென்சருக்கும்தான். அந்தக் கீகளும் சீக்வென்சரும் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

சிலிக்கான் சில்லுக்குள் பதிந்த ஒலிக்கு முதுமை வருவதில்லை. முதுமை வருவது அசையும் பாகங்களுக்கும், ரப்பருக்கும், பசைக்கும், திரைக்கும். ஒவ்வொரு கீயின் அடியிலும் கரி பூசிய ரப்பர் தொடுமுனைகள் இரண்டு இருக்கும். முதல் முனை தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடையிலான நேரத்தை வைத்தே சாதனம் விரல் எவ்வளவு வேகமாக விழுந்தது என்று கணக்கிடுகிறது. அங்கே தூசி படிந்தால் சில கீகள் ஊமையாகும். சில கீகள் மெதுவாகத் தொட்டாலும் முழுச் சத்தத்தில் அலறும். அறுவடை முடிந்த காட்டுவெளியில் பந்தல் போட்டு நடக்கும் கச்சேரிகளில் வருடக்கணக்கில் உழைத்த கீபோர்டில் இது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நல்லவேளையாக, பெரும்பாலும் சுத்தம் செய்தாலோ ரப்பர் பட்டையை மாற்றினாலோ சரியாகிவிடும்.

எக்ஸ்பி-80-க்கு இதைவிடப் பெரிய நோய் ஒன்று உண்டு. கீகளுக்கு எடை கொடுப்பதற்காக உள்ளே உலோகத் துண்டுகளைச் சிவப்புப் பசையால் ஒட்டியிருந்தார்கள். ஆண்டுகள் ஆக ஆக அந்தப் பசை இளகி ஒழுகுகிறது. துண்டுகள் கழன்று விழுகின்றன. ஒழுகிய பசை தொடுமுனை வரை போய்ப் படிகிறது. உலகெங்கும் அறியப்பட்ட கோளாறு இது. ரோலண்டின் ஜேடி-800 போன்ற அந்தக் காலத்து வேறு சில கீபோர்டுகளுக்கும் இருக்கிறது. வெப்பம் இதை விரைவுபடுத்தும். சித்திரை, வைகாசியில் பாதரசம் 38, 40 டிகிரியைத் தொடும் சேலத்தில், தகரக் கூரைக்கு அடியிலோ மூடிய வேனுக்குள்ளோ நாள் முழுக்கக் கிடந்த எக்ஸ்பி-80-ஐ, கீழிருந்து கீகளைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. சரிசெய்ய வேண்டுமென்றால் கீ ஒவ்வொன்றையும் கழற்றி, பசையைச் சுரண்டி, எடையை மறுபடி ஒட்ட வேண்டும். பல நாள் வேலை அது.

டிரைட்டனில் பயப்பட வேண்டியது தொடுதிரை. பின்னொளி மங்கும், தொட்ட இடம் ஒன்று, திறக்கும் பக்கம் வேறொன்று என்றாகும். 1999-ல் வந்த முதல் டிரைட்டனில் ஏறக்குறைய எல்லா வேலையும் அந்தத் திரை வழியாகத்தான் நடக்கிறது. அது போனால் சாதனமே கைகட்டப்பட்ட மாதிரி. கூடவே ஃப்ளாப்பி டிரைவ். டிரைவின் உள்ளே இருக்கும் பட்டை தளர்ந்துபோவது சாதாரணம், நல்ல ஃப்ளாப்பி கிடைப்பது அரிது. அதற்குப் பதிலாகப் பென் டிரைவைச் செருகும் எமுலேட்டர் பொருத்திக்கொள்கிறார்கள். செலவு குறைவான, உருப்படியான மாற்று அது. மாடலுக்கு ஏற்றதாகப் பார்த்துப் பொருத்தினால் போதும்.

பெரும்பாலான மாட்யூல்களில் இவற்றில் எதுவுமே கிடையாது. சில பொத்தான்கள், ஒரு சுழல் குமிழ், ஒரு சிறு திரை. பின்னொளி மங்கலாம், உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீரலாம். பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032, வாட்ச் கடையிலேயே கிடைக்கும் வகை. வயதான சாதனங்களில் மாட்யூலே நம்பகமானது என்று இந்தக் கட்டுரை சாய்வதற்குக் காரணம் இதுதான். இருபது வருடத்துக்கு மேற்பட்ட பொருள் என்றால் மாட்யூல். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் என்றால் வொர்க்ஸ்டேஷன். இடைப்பட்டவற்றுக்கு நேரில் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பழுதானால் சேலத்திலிருந்து சென்னை 340 கிலோமீட்டர், பெங்களூரு ஏறக்குறைய 200. ஒரு 76 கீ சாதனத்தைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ரிச்சி தெருவுக்கோ எஸ்பி ரோடுக்கோ போய் உதிரிபாகம் தேடும் அலைச்சலையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இப்படிச் சொன்னதும் மாட்யூலை உடனே வாங்கிவிடலாம் என்று கிளம்பினால் அங்கே வேறு செலவுகள் காத்திருக்கின்றன. நாமக்கல்லில் லாரி எடுப்பவர்களுக்குத் தெரியும்: சேஸிஸ் வாங்கியதோடு வண்டி ஓடாது, பாடி கட்டியாக வேண்டும். மாட்யூல் அந்தச் சேஸிஸ்தான். வாசிக்க ஒரு கீபோர்டு வேண்டும், மிடி கேபிள் வேண்டும், கீபோர்டின் சத்தத்தையும் மாட்யூலின் சத்தத்தையும் சேர்க்க ஒரு சிறு மிக்ஸர் வேண்டும், எல்லாவற்றையும் வைக்க ஒரு ரேக் பெட்டியும் வேண்டும்.

இதில் பலரும் தடுக்கி விழுவது மிடி இணைப்பில். 1983-ல் அறிமுகமான மிடி, அதாவது கீ அழுத்திய செய்தியை ஒரு சாதனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் முறை, ஐந்து முள் கொண்ட வட்டச் செருகியில்தான் ஓடியது. ஜேவி-1080 போன்ற பழைய மாட்யூல்கள் அந்தச் செருகியை மட்டுமே அறியும். இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் ஆரம்பநிலைக் கீபோர்டுகளில் பலவற்றில் அது கிடையாது; கம்ப்யூட்டருடன் இணைக்க யுஎஸ்பி மட்டும் இருக்கும். அந்த யுஎஸ்பியை நேராக மாட்யூலில் செருக முடியாது. கடையில் கிடைக்கும் சாதாரண யுஎஸ்பி மிடி கேபிளும் உதவாது, ஏனென்றால் அதன் மறுமுனைக்கும் ஒரு கம்ப்யூட்டர் தேவை. நடுவில் ‘யுஎஸ்பி மிடி ஹோஸ்ட்’ என்ற தனிப் பெட்டி வேண்டும். அதற்கும் ஒரு அடாப்டர், இன்னொரு வயர். ஆகவே மாட்யூல் வாங்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, தன் கீபோர்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது. ‘மிடி அவுட்’ என்று எழுதிய ஐந்து முள் துளை இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கேபிள் வழியாகப் போனால் சத்தம் தாமதமாகும் என்று ஒரு பயம் உண்டு. ஒரு சுரத்தை வாசித்த செய்தி மிடி வயரில் போய்ச் சேர ஒரு மில்லி விநாடிகூட ஆவதில்லை. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மேடையில் நிஜமான தலைவலி வேறு. பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் இடைவெளியில், சில சமயம் பல்லவிக்கும் இடையிசைக்கும் நடுவில், டோன் மாற்ற வேண்டும். வொர்க்ஸ்டேஷனில் அதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது. டிரைட்டனில் ‘காம்பி’ என்ற முறையில் எட்டு டோன்கள் வரை ஒன்றாக அடுக்கலாம். இடது பக்கம் பேஸ், நடுவில் ஸ்டிரிங்ஸ், வலது ஓரத்தில் ஃப்ளூட் என்று கீபோர்டைப் பங்கு போட்டு ஒரு பாட்டுக்கு ஒரு காம்பி என வைத்துக்கொண்டால், ஒரு பொத்தானில் எல்லாம் மாறும். மாட்யூலிலும் இதே மாதிரி ‘பெர்ஃபார்மன்ஸ்’ உண்டு. ஆனால் அதை மாற்றக் கை கீபோர்டை விட்டு ரேக்குக்குப் போக வேண்டும், அல்லது கீபோர்டிலிருந்து சரியான எண்ணை அனுப்ப வேண்டும். சாதாரண வீட்டுக் கீபோர்டில் டோனை மாற்றினால் அது தன் சொந்த எண்களை மாட்யூலுக்கு அனுப்பிவைக்கும். அங்கே ஸ்டிரிங்ஸ் இருந்த இடத்தில் எதிர்பாராத ஏதோ வந்து நிற்கும். மாட்யூலில் அந்தச் செய்தியை ஏற்காதபடி அடைத்துவைத்துவிட வேண்டும். ஒத்திகையிலேயே செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்தது சுருதி. “அண்ணா, அரைக் கட்டை இறக்கிக்கலாங்களா?” என்று பாடகர் மேடையிலேயே கேட்பது அன்றாடம் நடப்பது. வொர்க்ஸ்டேஷனில் டிரான்ஸ்போஸ் ஒரு நொடி வேலை. மாட்யூலை வாசிக்கும் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் போட்டால், அந்தக் கீபோர்டு அனுப்பும் சுர எண்களே மாறிவிடும். ஸ்டிரிங்ஸுக்கு அது சரி. அதே வயரில் டிரம்ஸும் போகிறது என்றால் கிக் இருந்த இடத்தில் வேறு தட்டு விழும். கீபோர்டைப் பங்கிட்டிருந்தால் எல்லைக் கோடுகளும் நகரும். சரியான வழி, இறக்குவதை மாட்யூலிலேயே, டிரம்ஸ் பகுதியைத் தொடாமல் செய்வது. எந்தப் பக்கத்தில், எந்தப் பொத்தானில் என்று விரல் நுனியில் வைத்திருப்பவர் மட்டுமே கச்சேரிக்கு மாட்யூலை நம்பி எடுத்துப் போகலாம்.

கடையில் தனியாகக் கேட்டபோது மயக்கிய டோன், மேடையில் மற்ற டோன்களோடு சேர்ந்ததும் வெளிறிப்போவதும் உண்டு. காரணம் எஃபெக்டுகள். ஜேவி-1080-ல் ரிவெர்ப், கோரஸ் இவற்றைத் தவிர முழு அளவிலான எஃபெக்ட் ஒன்றே ஒன்று. 16 பகுதிகளுக்கும் சேர்த்து அது ஒன்றுதான். எக்ஸ்பி-80-லும் அப்படியே. 1997-ல் வந்த ஜேவி-2080-ல் மூன்று. டிரைட்டனில் ஐந்து இன்சர்ட் எஃபெக்டுகளும் இரண்டு மாஸ்டர் எஃபெக்டுகளும். 2012-ல் வந்த இன்டெக்ரா-7 மாட்யூலில் 16 பகுதிக்கும் தனித்தனியே உண்டு. டோன்களை அடுக்கி வாசிக்கும் பழக்கம் உள்ளவர் இந்த எண்ணைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

குரல் எண்ணிக்கையும் அப்படித்தான், தோற்றத்தில் பெரிது. ஜேவி-1080-ன் ஒரு டோனுக்குள் நான்கு ஒலிகள் வரை இருக்கலாம். 64 குரலை நான்கால் வகுத்தால் 16 சுரம். அதன்மேல் இன்னொரு நான்கு ஒலி டோனை அடுக்கினால் எட்டு. பெடலை மிதித்துக்கொண்டு இரண்டு கையிலும் வாசித்தால் முதலில் பிடித்த சுரங்கள் சத்தமில்லாமல் அறுந்துவிடும். பியானோவும் ஸ்டிரிங்ஸும் சேர்த்துத் தாலாட்டுப் பாட்டு வாசிப்பவர்களுக்கு 128 குரல் உள்ள சாதனமே நிம்மதி.

எல்லாவற்றையும்விட இந்த வட்டாரத்து மேடைக்கு முக்கியமானது, உள்ளே என்ன ஒலி இருக்கிறது என்பது. 1991-ல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி தரத்தில் 128 வாத்தியங்களுக்கு எண் கொடுத்தார்கள். 105-ஆவது சித்தார், 112-ஆவது ஷெனாய். நாதஸ்வரம் இல்லை, வீணை இல்லை. தாளப் பட்டியலில் பாங்கோவும் காங்காவும் இருக்கின்றன. தபலா, மிருதங்கம், தவில், பம்பை, உருமி, பறை ஒன்றுமே இல்லை. அதே ஆண்டில் வந்த ரோலண்ட் எஸ்சி-55 போன்ற எளிய மாட்யூல்கள் இந்தத் தரத்தை மையமாக வைத்தவை. மாரியம்மன் பாட்டுக்கு அவற்றை நம்பிப் போனால் ஷெனாயை நாதஸ்வரம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். விரிவாக்க அட்டை ஏற்கும் ஜேவி-1080 சற்றுத் தேவலாம். அதன் எஸ்ஆர்-ஜேவி80 வரிசையில் ‘வேர்ல்டு’, ‘ஆசியா’ என்று அட்டைகள் உண்டு. சித்தாரும் தபலாவும் கிடைக்கும். பம்பை அங்கேயும் கிடைக்காது.

உள்ளூர் வாத்தியத்தின் ஒலி வேண்டுமென்றால் அதை உள்ளூரிலேயே பதிந்து ஏற்ற வேண்டும். அதற்குச் சாம்ப்ளிங் வசதி வேண்டும். வொர்க்ஸ்டேஷனின் பெரிய பலம் இங்கேதான். ஊர்ப் பம்பைக்காரரை உட்காரவைத்து ஒவ்வொரு தட்டாக எடுத்துக் கீகளில் பரப்பிவிடலாம். முதல் டிரைட்டனில் இதற்கு 16 மெகாபைட் இடம் உண்டு. முழுத் தரத்தில் ஒற்றை ஒலியாக எடுத்தால் ஏறக்குறைய மூன்று நிமிடம். பம்பை, உருமி, தவில் தட்டுகளுக்கு இது தாராளம். ஆனால் மின்சாரம் போனால் எல்லாம் அழிந்துவிடும். சேமிக்கலாம் என்றால் ஒரு ஃப்ளாப்பியில் 15 விநாடி ஒலிதான் அடங்கும். கச்சேரி தொடங்குமுன் ஃப்ளாப்பி மாற்றி மாற்றி ஏற்றுவது நடக்கிற காரியமில்லை. சிறிய தம்பியான டிரைட்டன் எல்ஈ-யில் சாம்ப்ளிங் வேண்டுமென்றால் தனி அட்டையே வாங்க வேண்டும். 2004-ல் வந்த டிரைட்டன் எக்ஸ்ட்ரீமில் காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டையும் யுஎஸ்பியும் வந்தன. டிரைட்டன்தான் வேண்டும், சாம்ப்ளிங்கும் வேண்டும் என்பவர் எக்ஸ்ட்ரீமைத் தேடலாம். யமஹா பக்கம் போனால், மோட்டிஃப் இஎஸ், எக்ஸ்எஸ் வரையில் ஏற்றிய ஒலி மின்சாரத்தோடு போய்விடும்; 2010-ல் வந்த எக்ஸ்எஃப்-ல் ஃப்ளாஷ் அட்டை பொருத்தினால் நிலையாக நிற்கும்.

மின்சாரம் போவது பற்றிய பேச்சு இங்கே வெறும் ஊகமல்ல. கோயில் மேடையில் ஜெனரேட்டரில் சீரியல் லைட், மைக் செட் எல்லாம் ஓடும். யாராவது ஒரு வயரை மிதித்தால் ஒரு நொடி இருட்டு. மாட்யூல் சில விநாடிகளில் எழுந்து, கடைசியாகச் சேமித்த டோன்களோடு நிற்கும். டிரைட்டன், பழைய மோட்டிஃப் வகையில் சீக்வென்சரில் இருந்த பாட்டும் ஏற்றிய ஒலியும் காலி. மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு சிறு யுபிஎஸ் இதற்குத் தீர்வு. வொர்க்ஸ்டேஷன் வாங்குபவர் யுபிஎஸ்ஸின் விலையையும் பட்ஜெட்டில் சேர்த்தே ஆக வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சாதனத்தில் இன்னொரு ஆபத்து. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நமக்கு 230. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்ததென்றால் கவலையில்லை. ஜப்பான் மாடலை நேராகப் பிளக்கில் செருகினால் அன்றோடு கதை முடிந்தது. பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் வோல்ட் எண்ணைப் படிக்காமல் சுவிட்சைத் தொடக்கூடாது. 100 என்றிருந்தால் அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மரையும் காலமெல்லாம் சுமந்துகொண்டு திரிய வேண்டும்.

வீட்டில் உட்கார்ந்து மெட்டுக் கட்டுபவர்களின் கதை வேறு. 1986-ல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தினார். அதை இயக்கியவர் பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மான் என்று அறியப்பட்ட இளைஞர். அந்தக் காலத்தில் சீக்வென்சர் என்பது சில ஸ்டூடியோக்களுக்கு மட்டும் எட்டிய பொருள். எக்ஸ்பி-80-ம் டிரைட்டனும் அதைக் கீபோர்டுக்குள் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தன. இப்போது அந்த வேலையைச் சாதாரண லேப்டாப்பே செய்கிறது, திரையும் பெரிது, அழிந்துபோகும் பயமும் இல்லை. ஆகவே வீட்டில் லேப்டாப் வைத்துப் பாட்டுக் கட்டுபவருக்குப் பழைய வொர்க்ஸ்டேஷனின் சீக்வென்சர் தேவைப்படாத சரக்கு. மாட்யூல்கூட அவருக்கு அவசியமா என்பது கேள்விதான்: ரோலண்டின் எக்ஸ்வி-5080-ம் கோர்க்கின் எம்-1, டிரைட்டனும் மென்பொருளாகவே வந்துவிட்டன. வயரும் மங்கிய திரையும் இல்லாமல் அதே ஒலி. லேப்டாப்பைச் சூட்டிலும் புழுதியிலும் மேடைக்குக் கொண்டுபோகத் தயங்குபவருக்கே இரும்புப் பெட்டியால் பயன்.

சர்ச் பாடகர் குழுவுக்கு முடிவு எளிது. சாதனம் ஓரிடத்தில் நிற்கும், டோன் அடிக்கடி மாறாது, ஆர்கனும் பியானோவும் ஸ்டிரிங்ஸும் போதும். இருக்கும் கீபோர்டில் ஐந்து முள் மிடி இருந்தால் 64 குரல் உள்ள ஒரு ரோலண்ட் எஸ்சி-88 கூட அங்கே வருடக்கணக்கில் உழைக்கும்.

இசைக் குழுவில் ஏற்கெனவே நல்ல கீபோர்டோடு வாசித்துக்கொண்டிருப்பவர், ஸ்டிரிங்ஸும் பிராஸும் இன்னும் கனமாக வேண்டும் என்று மட்டும் நினைத்தால் மாட்யூலை எடுக்கலாம். அவருக்கு 2007-ல் வந்த ரோலண்ட் சோனிக்செல் ஒரு நல்ல நடுவழி. மேஜையில் வைக்கும் சிறு பெட்டி, 128 குரல்கள், பென் டிரைவிலிருந்து மிடி ஃபைலும் எம்பி3-ம் நேராக ஓடும். கீபோர்டுக்காரர் விடுப்பில் இருக்கும் நாளில் ட்ராக் போட்டுப் பாடவும் அதுவே போதும்.

முதன்முதலாக ஒரு சாதனம் வாங்கிக் கச்சேரிக்குப் போக நினைக்கும் ராசிபுரத்து இளைஞருக்கோ ஆத்தூர்ப் பெண்ணுக்கோ மாட்யூல் வேண்டாம். பாட்டுக்குப் பாட்டு டோன் மாற்றிப் பழக, சுருதி இறக்கிப் பழக, ஒரே சாதனமாக இருக்க வேண்டும். அதற்காக இருபத்தைந்து வருடத்து டிரைட்டனையும் துரத்த வேண்டாம். 2013-ல் வந்த யமஹா எம்ஓஎக்ஸ்எஃப்6 ஏழு கிலோ சொச்சம். மோட்டிஃப் எக்ஸ்எஃப்-ன் அதே 741 மெகாபைட் ஒலித் தொகுப்பு உள்ளே இருக்கிறது. 2014-ல் வந்த ரோலண்ட் எஃப்ஏ-06 ஆறு கிலோகூட இல்லை. சாம்ப்ளிங்குக்குப் 16 பேட்கள் உண்டு. பதிந்த ஒலி எஸ்டி கார்டில் தங்குவதால் மின்சாரம் போனாலும் பம்பை அங்கேயே இருக்கும். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோட்டுக்கு டூவீலரில் பின்னால் கட்டிக்கொண்டு போகிறவருக்கு இந்த எடை வேறுபாடு சாதாரணமல்ல. பழைய 88 கீ வொர்க்ஸ்டேஷன்களில் 25 கிலோவைத் தாண்டுபவை உண்டு, தூக்கவே இரண்டு ஆள் வேண்டும்.

எதை வாங்கினாலும் பகலில், விற்பவரின் வீட்டிலேயே, ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சூடேறிய பிறகுதான் திரையின் கோளாறும் கரகர சத்தமும் வெளியே வரும். ஒவ்வொரு கீயையும் மெதுவாக ஒருமுறை, ஓங்கி ஒருமுறை. பிட்ச் வீலைத் தள்ளிவிட்டால் சரியாக நடுவுக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பது மிக அவசியம். நாதஸ்வர டோனில் கமகம் கொடுப்பது முழுக்க அந்த வீலில்தான் இருக்கிறது. அது சற்றே விலகி நின்றாலும் கச்சேரி முழுக்கச் சுருதி பிசகும். ஹெட்ஃபோன் துளையில் மட்டும் கேட்டுவிட்டு வராமல், பின்னால் உள்ள எல்லா அவுட்டிலும் வயரைச் செருகிக் கேட்க வேண்டும். மாட்யூல் என்றால் சொந்தக் கீபோர்டையே எடுத்துப்போய் இணைத்துப் பார்ப்பது நல்லது. அணைத்துவிட்டு மறுபடி போடும்போது பேட்டரி குறைவு என்று செய்தி வருகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். வந்தால், அந்தப் பேட்டரியைக் கழற்றும்முன் உள்ளே இருக்கும் டோன்களைப் பிரதி எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் அத்தனையும் போய்விடும்.

அந்த டோன்களை விற்பவரிடம் வாய்விட்டுக் கேட்கவே பலருக்குத் தோன்றுவதில்லை. பத்துப் பதினைந்து வருடம் இந்த மேடைகளில் வாசித்தவர், ஷெனாயைச் செதுக்கி நாதஸ்வரமாக்கியிருப்பார். எங்கோ பதிந்த உருமியை ஏற்றிவைத்திருப்பார். பாட்டுக்குப் பாட்டு காம்பி அடுக்கியிருப்பார். எந்தக் கடையிலும் கிடைக்காத உழைப்பு அது. விற்கும் முன் ‘ஃபேக்டரி ரிசெட்’ அடித்துவிட்டால் அத்தனையும் ஒரு நொடியில் அழியும். ஆகவே முன்பணம் கொடுக்கும்போதே ரிசெட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவைத்து, கார்டோ ஃப்ளாப்பியோ எதுவாக இருந்தாலும் அவர் முன்னிலையிலேயே ஏற்றிப் பார்த்து, ஒவ்வொரு டோனையும் எப்படிச் செய்தார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.